கண்டதும் உண்டதும்

விடுமுறை நாள்களில் நம் பங்குகளிலிருந்து குடும்பங்கள் வேன் அமர்த்திக்கொண்டு தூத்துக்குடிக்குச் சென்று வருவது வழக்கமாகிவிட்டது. திருநெல்வேலியிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவுதான். காலையில் புறப்பட்டுப் பனிமய மாதாவை வணங்கி, கடற்கரையைக் கண்டு, மதியம் மீன்குழம்புச் சோறு உண்டு, மாலையில் மக்ரூன் பொட்டலங்களுடன் வீடு திரும்பிவிடலாம். இத்தகைய பயணம் வீண் செலவல்லவா என்று பெரியவர்கள் கேட்ட காலம் ஒன்று உண்டு. இன்று கேட்க வேண்டிய வினா வேறு. ஓர் ஊரைக் கண்டு, அதன் உணவை உண்டு, உரிய விலையையும் கொடுத்துவிட்டால், அவ்வூருக்கு நாம் பட்ட கடன் தீர்ந்துவிடுகிறதா?

இன்புறுவது குற்றமன்று என்பதை முதலில் சொல்லிவிடுவோம். களைத்த உடலுக்கு ஓய்வு வேண்டியிருப்பதுபோலக் களைத்த மனத்திற்கு மகிழ்ச்சி வேண்டும் என்று புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் கற்பிக்கிறார். ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் 1965ஆம் ஆண்டுச் சங்க ஏடும், ஓய்வும் பயணமும் மனிதரைப் பண்படுத்தி ஒருவரையொருவர் அறியச் செய்யும் என்று ஏற்றுக்கொள்கிறது. உயிர்த்த ஆண்டவரே விடியற்காலையில் ஏரிக்கரையில் கரிநெருப்பில் மீன் சுட்டுத் தம் சீடரைச் சாப்பிட அழைத்தார் அல்லவா? ஆனால் அதே அக்குவினாஸ், எப்பயனையும் நோக்காமல் கண்ணை மட்டும் மேயவிடும் பார்வையைக் குறித்து எச்சரிக்கவும் செய்கிறார். மகிழ்ச்சிக்கும் மேய்ச்சலுக்கும் இடையே உள்ள கோடு எது என்பதே நம் சிக்கல்.

நாம் வாங்கிவரும் மக்ரூனையே எடுத்துக்கொள்வோம். முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி ஆகிய மூன்றே பொருள்கள். பெயர் ஐரோப்பாவினுடையது. அங்கே வாதுமை சேர்ப்பார்கள். இங்கே அதன் இடத்தில் முந்திரி வந்து அமர்ந்தது. முந்திரியோ பிரேசில் நாட்டு மரம்; 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. பனிமய அன்னையின் திருவுருவம் 1555இல் மணிலாவிலிருந்து வந்ததென்பது மரபு. 1658இல் நகரம் ஒல்லாந்தர் கைக்குப் போனது. இத்தனை மாற்றங்களுக்கிடையிலும் முத்துக்குளித்தும் மீன்பிடித்தும் வாழ்ந்த பரதவ மக்கள் தங்கள் விசுவாசத்தைக் காத்தார்கள். இன்று நாம் காணும் ஆலயம் 1713இல் நிறைவுற்றது. கடல் கொண்டுவந்து சேர்த்தவற்றையெல்லாம் தனதாக்கிக்கொண்டு பிறருக்குப் பரிமாறும் ஊர் அது. பொட்டலத்தின் விலையில் இந்த வரலாறு அடங்குவதில்லை.

திரும்பும் வழியில் முத்தையாபுரம், முள்ளக்காடு பக்கம் வந்தால் உப்பளங்கள் வெயிலில் பளபளக்கும். வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறோம். இந்தியாவில் உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதிலும் பெரும்பங்கு தூத்துக்குடிப் பகுதியினுடையது. படத்தில் அழகாய் விழும் அந்த வெண்மைதான் அங்கு வேலை செய்பவரின் கண்ணைக் கெடுக்கிறது. உப்புநீர் பாதங்களைப் புண்ணாக்குகிறது. வெயிலுக்கு அஞ்சி விடியுமுன் வேலை தொடங்குகிறது. பெண்கள் தலைச்சுமையாய் உப்பைக் கரையேற்றுகிறார்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வேலையே இல்லை. மதியம் நாம் சுவைத்த குழம்பின் உப்பு இவர்கள் வாரியெடுத்ததாயிருக்கலாம். ஆனால் அவர்கள் முகம் நம் படத்தில் சிறு புள்ளி.

இன்னும் நெருக்கமான கடன் ஒன்று உண்டு. தூத்துக்குடி நகரம் குடிக்கும் நீர் வல்லநாட்டில் தாமிரபரணியிலிருந்து எடுக்கப்படுகிறது. அதாவது, நெல்லையைக் கடந்துவந்த ஆற்றையே அவர்கள் குடிக்கிறார்கள். பாண்டியரின் துறைமுகமான கொற்கை இன்று கடலைவிட்டு உள்ளே தள்ளிக் கிடப்பதற்கும் இவ்வாறு சுமந்துவந்த வண்டலே காரணம். முன்னோர் காலத்தில் ஆறு மண்ணைக் கொண்டுபோயிற்று; நம் காலத்தில் நகரத்துச் சாக்கடையையும் கொண்டுபோகிறது. வேனில் நாம் போய்ச் சேருமுன்பே நம் கழிவு அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது. விருந்துக்குப் போகிறவர் விருந்தளிப்பவரின் கிணற்றை அழுக்காக்கிவிட்டுப் போகலாமா?

“ஒரு நாள் ஓய்வுக்காகப் போகிறவனின் தலையில் உலகத்துச் சுமையையெல்லாம் ஏற்றலாமா? நாங்கள் வாங்குவதால்தானே அங்கே நாலு பேர் பிழைக்கிறார்கள்?” என்று வாசகர் ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. குற்ற உணர்ச்சியோடு உண்ணும் மக்ரூனால் உப்பளத் தொழிலாளிக்கு ஒரு பயனும் இல்லை. விலை கொடுத்து வாங்குவதும் ஒரு நன்மையே. ஆயினும் விலை பொருளுக்குரியது. ஆளுக்கு ஆள் படும் கடனை அது தீர்ப்பதில்லை.

2023 டிசம்பர் 17 அன்று பெய்த பெருமழையை இப்பள்ளத்தாக்கு மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, ஏறத்தாழ 800 பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கினார்கள். அருகிலிருந்த புதுக்குடி ஊர் மக்கள் தங்களிடம் இருந்ததைத் திரட்டி, கோயிலில் சமைத்து அவர்களுக்கு உணவளித்தார்கள். அவர்களும் அதே வெள்ளத்தில் இருந்தவர்களே. அந்தச் சோற்றுக்கு யார் என்ன விலை கொடுக்க முடியும்? விலையில்லாத இடத்தில்தான் விருந்தினர் என்ற சொல்லின் முழுப்பொருள் விளங்குகிறது. பணம் செலுத்திய வேளைகளில் நாம் அதை எளிதில் மறந்துவிடுகிறோம்.

ஆகவே போவோம், மகிழ்ச்சியாய்ப் போவோம். மீன் விற்கும் பெண்மணியிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசாதிருப்போம். உப்பளத்தருகே இறங்கினால், படம் எடுக்குமுன் அங்குள்ளோரின் அனுமதி கேட்டு, இரண்டு வார்த்தை பேசுவோம். உப்பு எப்படி விளைகிறது என்பதை நம் பிள்ளைகள் அவர்கள் வாயால் கேட்கட்டும். ஆற்றங்கரையில் உண்டபின் தட்டையும் குவளையையும் அங்கேயே விட்டுவராதிருப்போம். நம் தெருச் சாக்கடை எந்த இடத்தில் ஆற்றில் கலக்கிறது என்று பங்குப் பேரவையில் ஒருமுறையேனும் விசாரித்து, உரியவர்களிடம் முறையிடுவோம். கரையோரத்து உடன்பிறப்புகளின் உணவை உண்டுவந்த நமக்கு, அவர்கள் குடிக்கும் நீரைக் காக்கும் பொறுப்பும் உண்டு.