வாசலில் கழற்ற மறந்தது

காஞ்சிக் கோயில் வாசலில் செருப்பைக் கழற்ற நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இருளர் பழங்குடியினரின் குடியிருப்பு வாசலில்தான் ஒன்றைக் கழற்ற மறக்கிறோம்: எல்லாம் நமக்குத் தெரியும் என்ற எண்ணத்தை.

பாம்பு போன தடத்தை மண்ணில் படிப்பவர்கள் அவர்கள். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை அடுத்துப் பாம்புத் தோல் வணிகம் நின்றது, பிழைப்பும் போனது. அறிவு போகவில்லை. அதை மதிக்கத் தெரிந்தபோது, 1978-இல் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சும் அங்கிருந்து விஷமுறிவு மருந்துக்குப் போகிறது. எத்தனை உயிர்கள் அவர்கள் கைகளுக்குக் கடன்பட்டிருக்கின்றன! மலைப்பாம்புகளால் திணறிய அமெரிக்காவின் ஃபுளோரிடா, 2017-இல் இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் அழைத்துக் கற்றுக்கொண்டது. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

காஞ்சியில், கரையை உடலோடு கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு ஒருவர் போதாது. மறுபுறமிருந்து நாடா எறிய இன்னொரு கை வேண்டும். தறிக்காரருக்கு இது பழகிய பாடம். இருளரிடம் போகும் நமக்குத்தான் இன்னும் பழகவில்லை.

இருளரிடம் நாம் பெரும்பாலும் மனு எழுதித் தரவே போகிறோம். தடத்தை எப்படிப் படிப்பது என்று கேட்டு, அவர்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறோமா?