கையெழுத்து யாருடைய வினை?

பிரஷர் ஏறி மூளைக்குள் இரத்தம் கசிந்தால், யாழ்ப்பாணத்தில் முதலில் விழும் சொல் விதி. கோண்டாவிலில் எங்கள் அண்ணர் வலப்பக்கம் இழுத்து விழுந்த அன்றும் மச்சாள் அதைத்தான் சொன்னா: “எல்லாம் அவற்ற விதி, தம்பி. நல்லூரான் விட்ட வழி.” அலுமாரித் தட்டில் பிரஷர் குளிசைகள் அட்டை உடையாமல் கிடந்தன. தலைச்சுற்று இல்லையென்று தானாகவே நிறுத்தியிருக்கிறார்.

சைவசித்தாந்தம் படிப்பித்தவன் நான். மச்சாளை மறுக்க வழியில்லை. நோயும் மூப்பும் சாவும் கருவிலேயே அமைந்தவை என்கிறது அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார். ஆனால் இப்போது செய்யும் முயற்சி மேலைக்கு வினையாகச் சேரும் என்றும் அதே நூல் சொல்கிறது. நாங்கள் முன்பாதியைச் செத்தவீட்டில் ஒப்புவித்துவிட்டு எழும்பி வந்துவிடுகிறோம்.

சி.ரி. படத்தில் மூளையின் ஆழத்தில் வெள்ளையாய் ஒரு திட்டு. நெடுநாள் பிரஷர் நுண்ணிய நாடிகளை நைய வைத்து, ஒன்று வெடித்திருக்கிறது. மண்டையைத் திறக்காமல் சிறு துளையால் மெல்லிய குழாய் விட்டு, உறைந்த இரத்தத்தை மருந்தால் கரைத்து வடிக்கலாம் என்றார் டாக்டர்.

“பழையபடி கதைப்பாரோ?”

“அதைச் சொல்ல ஏலாது, ஐயா.”

அவர் மழுப்பவில்லை. இந்த முறையைச் சுமார் 500 பேரில் சோதித்து 2019இல் வெளியான மிஸ்டி 3 ஆய்வில், ஓராண்டின் பின் ஓரளவு நல்ல நிலையில் இருந்தவர்கள் வடித்தவர்களில் 45 வீதம், வடிக்காதவர்களில் 41 வீதம். அந்த வித்தியாசத்தை நம்பி முடிவு சொல்ல முடியாது. 2024இல் வந்த என்ரிச் ஆய்வில் வேறொரு கருவியால் 24 மணித்தியாலத்துக்குள் இரத்தத்தை எடுத்தபோது பலன் தெரிந்தது. அதுவும் மூளையின் மேற்பரப்பை ஒட்டிய கசிவுக்கே. அண்ணருடையது ஆழத்தில்.

பலன் நிச்சயமில்லாத இடத்தில்தான் சித்தாந்தம் எனக்கு உறைத்தது. நோய் அண்ணரின் பிராரத்தம், முன்செய்து இப்போது அனுபவிக்கும் வினை. நினைவற்றுக் கிடந்தவர் அந்நேரம் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. சம்மதப் படிவத்தில் பேனையை வைத்தவன் நான். அது என் ஆகாமியம், இப்போது செய்து மேலைக்குச் சேரும் வினை. வைக்காமல் விட்டிருந்தாலும் அதுவும் என் வினையே.

அண்ணர் பிழைத்தார். வலக்கை எழும்பாது; பாதிச் சொல் வராது; கோபம் மட்டும் முழுசாய் வரும். இப்படி இருக்கவா காப்பாற்றினாய் என்று அவர் முறைக்கும்போது, விதி என்று சொல்லித் தப்ப எனக்கு உரிமையில்லை. அவருடைய நோய்க்கு அந்தச் சொல் பொருந்தலாம். என் கையெழுத்துக்குப் பொருந்தாது.