குடி பெயருமுன் சிந்திப்போம்

 

சென்னையில் திருவல்லிக்கேணியிலும் மண்ணடியிலும் வாடகை வீட்டில் குடியிருக்கும் நம் குடும்பங்கள் பலவற்றில் இன்று ஒரே பேச்சு. "இந்த வாடகை நமக்குக் கட்டுப்படியாகாது. வாணியம்பாடிக்கோ, திருச்சிக்கோ, மேலப்பாளையத்துக்கோ போய்விடலாமா?" என்பதே அது. மாதம் 30,000 ரூபாய் சம்பாதிக்கும் ஒருவர் 14,000 ரூபாயை வாடகைக்கே எடுத்து வைத்தால், அரிசி பருப்பு, பிள்ளைகளின் படிப்பு, தாயாரின் மருந்து எல்லாம் மீதியில்தான் நடக்க வேண்டும். மாதக் கடைசியில் கைமாற்று. கைமாற்றுக் கிடைக்காதபோது வட்டிக் கடன்.

இது உலக விஷயந்தானே, இதில் மார்க்கம் எங்கே வருகிறது என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். நாம் எங்கே குடியிருக்கிறோமோ அந்த ஊர்ப் பள்ளியில்தான் தொழுகிறோம். அந்த ஊர் உஸ்தாதிடம்தான் நம் பிள்ளைகள் ஓதுகிறார்கள். அந்த மஹல்லாக்காரர்கள்தான் நம் ஜனாஸாவைச் சுமக்கிறார்கள். அப்படியிருக்க, மார்க்கத்தைக் கேட்காமல் இதை எப்படி முடிவு செய்வது?

ஊரை விட்டுப் பெயர்வது நமக்குப் புதிதல்ல. கி.பி. 615ல் ஸஹாபாக்களில் சிலர் ஹபஷாவுக்குச் சென்றார்கள். 622ல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்தார்கள். நம் ஆண்டுக் கணக்கே அந்த ஹிஜ்ரத்திலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் வாடகை குறைவு என்பதற்காகப் போகிறவர் தம்மை முஹாஜிர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸே நிய்யத்தைப் பற்றியதுதான். உலக ஆதாயம் தேடிப் பெயர்ந்தவருக்கு அவர் தேடியது மட்டுமே என்ற கருத்தை அது தெளிவாக்குகிறது. "வட்டியிலிருந்து விலக வேண்டும், ஹலாலான சம்பாத்தியத்துக்குள் குடும்பத்தை நடத்த வேண்டும், பிள்ளைகளுக்கு மார்க்கம் கற்பிக்க வேண்டும்" என்று நிய்யத் வைத்தாலோ, அதே பயணம் இபாதத்தாகிவிடும். ஆகவே முதல் வேலை, நிய்யத்தைச் சரிபார்ப்பது.

இரண்டாவது, பிழைப்பு. முஹாஜிர்கள் மதீனா வந்தபோது, அன்ஸாரியான ஸஅது இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபு (ரலி) அவர்களுக்குக் கொடுக்க முன்வந்தார்கள். அவர்களோ அதற்காக துஆச் செய்துவிட்டு, கடைத்தெரு எங்கே என்று விசாரித்தார்கள். பனூ கைனுகாவின் சந்தைக்குப் போய்ப் பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்றுத் தம் காலிலேயே நின்றார்கள். நாமும் புது ஊரில் வீடு பார்க்குமுன் கடைத்தெருவைப் பார்க்க வேண்டும். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோல் தொழில்தான் பெரிது. அந்தத் தொழில் தெரியாதவருக்கு அங்கே என்ன வேலை? வாடகையில் 8,000 மிச்சப்பட்டு, வருமானத்தில் 12,000 குறைந்தால் அது மிச்சமா? இரண்டு ஊர்க் கணக்கையும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்பது தவக்குலுக்கு விரோதமல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்பது நாம் அறிந்ததே.

மூன்றாவது, வட்டி. பட்டணத்தை விட மனமில்லாமல் வட்டிக் கடனில் காலம் தள்ளுகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வட்டியில் நீடிக்கலாமா என்று கேட்க இஸ்திகாராவும் இல்லை, மஷ்வராவும் இல்லை. ஹராம் என்று தெளிவாகிவிட்டதில் விருப்பத்துக்கு இடமேது? வாடகைக்குப் பயந்து ஒத்திக்கு வீடு எடுப்பவர்களும் கவனிக்க வேண்டும். மொத்தமாகப் பணம் கொடுத்து, வாடகையின்றிக் குடியிருந்து, பிறகு அதே பணத்தை முழுதாகத் திரும்பப் பெறுவது, கடனைக் கொண்டு ஆதாயம் அடைவதாகும் என்று உலமாக்கள் பலர் தடுத்திருக்கிறார்கள். சிறிய ஊருக்குப் போனால்தான் இவற்றிலிருந்து தப்பலாம் என்றிருந்தால், அந்தச் சிறிய ஊரே நமக்குப் பெரிய ஊர்.

நான்காவது, பள்ளிவாசல். மலிவாகக் கிடைக்கிறதென்று ஊருக்கு வெளியே, பாங்குச் சத்தம் கேட்காத இடத்தில் வீடு பிடிக்கிறோம். மதீனாவில் பனூ ஸலிமா கூட்டத்தார் தங்கள் தூரத்து வீடுகளை விட்டுப் பள்ளிக்கு அருகில் வர விரும்பினார்கள். நபி (ஸல்) அவர்களோ, அவர்களின் ஒவ்வொரு காலடியும் நன்மையாக எழுதப்படுவதை எடுத்துச் சொல்லி, இருந்த இடத்திலேயே இருக்கச் செய்தார்கள். அவர்கள் நடந்து வந்தார்கள், நன்மை பெற்றார்கள். நாம் நடப்போமா? ஃபஜ்ருக்கு வண்டியை எடுப்போமா? நம் பழக்கம் நமக்குத் தெரியும். அதற்கேற்ப வீட்டைத் தேட வேண்டும்.

அந்த மஹல்லாவின் ஜமாஅத்தில் முறையாகச் சேர்வதும் அவசியம். பழைய ஜமாஅத்தில் சந்தா பாக்கியைத் தீர்த்து, கடிதம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். நாளை மகளின் நிக்காஹுக்கும் கபரஸ்தானுக்கும் அந்தத் தொடர்பு வேண்டியிருக்கும். படிப்பைப் பற்றிய அச்சம் வேண்டாம். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919லிருந்தும், திருச்சி ஜமால் முகம்மது கல்லூரி 1951லிருந்தும் பாடம் நடத்தி வருகின்றன.

ஐந்தாவது, வீட்டிலுள்ளவர்களின் மனம். வயதான தாயார் நாற்பது வருடமாக ஒரே தெருவில் இருந்தவர். அடுத்த வீட்டுப் பெண்களே அவருக்குத் துணை. அவரைச் சாமானோடு சாமானாக ஏற்றிக்கொண்டு போவது ஹக்கல்ல. அவரிடம் கேட்க வேண்டும், மனைவியிடமும் கேட்க வேண்டும். போன பிறகு அவர்கள் பழைய ஊரை நினைத்து அழுதால் கடிந்துகொள்ளவும் கூடாது. மதீனா வந்த புதிதில் அபூபக்ர் (ரலி), பிலால் (ரலி) போன்றோரே காய்ச்சலில் படுத்தார்கள். பிலால் (ரலி) அவர்கள் மக்காவின் நீர்நிலைகளையும் மலைகளையும் நினைத்து ஏங்கினார்கள். நபி (ஸல்) அவர்கள் அதைக் குறை சொல்லவில்லை. மதீனாவையும் நேசத்துக்குரிய ஊராக ஆக்கித் தரும்படி அல்லாஹ்விடம் துஆக் கேட்டார்கள். நாமும் புது ஊருக்காக அப்படியே கேட்போம்.

இவ்வளவும் பார்த்த பிறகு மஷ்வராவும் இஸ்திகாராவும். இரண்டு ரக்அத் நஃபில் தொழுது துஆ ஓத வேண்டும். கனவு வர வேண்டும் என்ற நிபந்தனை ஏதுமில்லை. ஷாம் தேசத்தில் கொள்ளை நோய் பரவியபோது, உமர் (ரலி) அவர்கள் முஹாஜிர்கள், அன்ஸாரிகள், குறைஷிப் பெரியவர்கள் என மூன்று கூட்டத்தாரிடமும் ஆலோசித்துவிட்டே திரும்பிச் செல்ல முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் கத்ரை விட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஒரு கத்ரிலிருந்து இன்னொரு கத்ருக்கே போகிறோம் என்ற கருத்தில் பதில் சொன்ன உமர் (ரலி) அவர்கள், செழித்த கரையும் வறண்ட கரையும் உள்ள பள்ளத்தாக்கை உதாரணம் காட்டினார்கள். ஒட்டகத்தை எந்தக் கரையில் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் கத்ரே. ஆனாலும் மேய்ப்பவன் கண்ணைத் திறந்து கரையைத் தேர்கிறான். போனாலும் இருந்தாலும் ரிஜ்க் கொடுப்பவன் அவனே.

குடும்பத்தோடு பெயர்ந்து புது ஊரையே நிரந்தர ஊராக ஆக்கிக்கொண்டவர் ஒரு மஸ்அலாவையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஹனஃபி மத்ஹபில், அவர் கஸ்ரு தூரம் கடந்து பழைய ஊருக்கு வந்து 15 நாளுக்குக் குறைவாகத் தங்கினால், அங்கே அவர் முஸாஃபிர்; கஸ்ரு செய்ய வேண்டும். பிறந்து வளர்ந்த மக்காவிலேயே நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத்துக்குப் பின் கஸ்ருதான் தொழுதார்கள். சென்னையானாலும் திருச்சியானாலும் இந்த துன்யாவில் நாம் வாடகைக் குடிதான். கபரே அடுத்த வீடு.

யா அல்லாஹ்! எந்த ஊரில் எங்கள் தீனுக்கும் துன்யாவுக்கும் நலவு இருக்கிறதோ அந்த ஊரை எங்களுக்கு எளிதாக்குவாயாக! அதில் பரக்கத்தும், நல்ல அண்டை வீட்டாரும், கடனில்லாத வாழ்வும் தந்தருள்வாயாக! ஆமீன்.