யாருடைய கோபம்?

'பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டான்' என்று தமிழில் சொன்னால், யாருடைய கை என்று ஒருவரும் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் 'அவனுடைய' கையை 'அவனுடைய' பாக்கெட்டில் விட்டான் என்று இரண்டு தடவை சொந்தக்காரனைச் சொல்லியாக வேண்டும். திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. வருகிறவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டு வேலைக்குப் பரீட்சை எழுதப்போகும் நர்ஸுகள். இறந்தகாலம், எதிர்காலம் எல்லாம் ஒரு மாதத்தில் பிடிபட்டுவிடும். இந்த 'மை', 'ஹிஸ்', 'ஹெர்' மட்டும் கடைசிவரை வாக்கியத்திலிருந்து கழன்று விழுந்துகொண்டே இருக்கும். பல் தேய்த்தேன், தலை சீவினேன், மூக்கைச் சிந்தினேன். 'என்னுடைய' மூக்கு என்று சொல்ல நமக்குக் கூச்சமாக இருக்கிறது. வேறு யார் மூக்கைப் போய் சிந்தப்போகிறேன்?

தமிழுக்குச் சொந்தம் தெரியாது என்று இதற்கு அர்த்தமில்லை. 'தலையைச் சீவினாள்' என்றால் அது மகளின் தலையாகவும் இருக்கலாம். 'சீவிக்கொண்டாள்' என்றால் தன் தலை. ஆங்கிலம் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒட்டும் உரிமையைத் தமிழ் வினையின் வாலில் கட்டி வைத்திருக்கிறது. இதுவரை வெறும் இலக்கணம்தான். மூக்கிலிருந்து மனசுக்குப் போகும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

'ஐ லாஸ்ட் மை டெம்பர்.' இதைப் பலகையில் எழுதியதும் ஒரு பெண் கேட்டாள்: "கோபத்தைத் தொலைச்சேன்னா கோபம் போயிடுச்சுன்னுதானே மேம் அர்த்தம்?" நியாயமான கேள்வி. 'டெம்பர்' என்ற சொல்லுக்குப் பழைய பொருள் சரியான கலவை, நிதானம். தொலைந்துபோவது கோபமல்ல, நிதானம். அதாவது அந்த மொழிவழக்கில் நிதானம் என் சொத்து. அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டியது என் பொறுப்பு. 'மேக் அப் யுவர் மைண்ட்', 'ஹோல்ட் யுவர் டங்', 'கீப் யுவர் வேர்ட்' எல்லாம் அதே வரிசைதான். மனசு, நாக்கு, வாக்கு என்று எல்லாமே ஒரு வீட்டுக்காரரின் சாமான்கள் மாதிரி.

நம் பேச்சில் கோபம் என் சொத்தே அல்ல. அது வருகிறது. எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தூக்கம் வருகிறது, எனக்குக் காய்ச்சல், எனக்கு அவனைப் பிடிக்கும், எனக்கு அது தெரியும். அறிவுகூட 'எனக்கு'த்தான். நான்காம் வேற்றுமையில் நிற்கும் இந்த ஆள் எதையும் செய்வதில்லை. அவரிடம் எல்லாம் வந்து சேர்கின்றன. அப்படியென்றால் தமிழன் பொறுப்பைத் தட்டிக்கழிக்க இலக்கணமே வழி செய்து கொடுத்திருக்கிறதா? என் நண்பர்கள் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெண்டாட்டியை அடித்த ஒருவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள்: "கோவம் வந்துடுச்சு, கை நீட்டிட்டேன்." கோபத்துக்கு அவன் 'எனக்கு'. கை நீட்டியதற்கு அவன் 'ஏன்' விகுதி போட்ட எழுவாய். ஒரே மூச்சில் சொன்னாலும் எது தனக்கு வந்தது, எதைத் தான் செய்தான் என்று அவன் வாயே பிரித்துச் சொல்லிவிடுகிறது. அந்தப் பிரிப்பு எனக்குச் சரியாகத்தான் படுகிறது. கோபம் வந்ததற்காக அவனை யாரும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. கைதான் வழக்கு.

தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் வேற்றுமை மயங்கியல் என்று ஓர் இயல் உண்டு. பெயரே அழகு. அங்கே முதலும் சினையும், அதாவது முழுப்பொருளும் அதன் உறுப்பும், ஒரே வாக்கியத்தில் வரும்போது எதற்கு எந்த உருபு என்று ஒரு விசாரணை நடக்கிறது. உரைகாரர்கள் கொடுக்கும் உதாரணத்தை இன்றைய தமிழில் சொன்னால்: யானையின் கொம்பை வெட்டினான், யானையைக் கொம்பில் வெட்டினான். (ஸ்ரீரங்கம் கோயில் ஆண்டாளை வைத்து இதை விளக்க முடியாது. பெண் யானை, கொம்பு கிடையாது.) இரண்டும் ஒரே சம்பவம்தான். முதல் வாக்கியத்தில் வெட்டுப்பட்டது கொம்பு. யானை வெறும் சொந்தக்காரர். இரண்டாவதில் வெட்டுப்பட்டதே யானை. ஆங்கிலமும் இதே வேலையைச் செய்கிறது: ஒருவன் 'என் கையைப் பிடித்தான்' என்றும் சொல்லலாம், 'என்னைக் கையில் பிடித்தான்' என்றும் சொல்லலாம். பஸ்ஸில் தொல்லைக்கு ஆளான பெண் "என்னைக் கையைப் பிடிச்சு இழுத்தான்" என்றுதான் சொல்வாள். கைக்கு ஏதோ ஆனது என்று அவள் புகார் சொல்லவில்லை. உடம்பு என்னுடைய உடைமையா, அல்லது உடம்புதான் நானா என்ற கேள்விக்கு அவள் அந்த 'ஐ' உருபிலேயே பதில் சொல்லிவிடுகிறாள். இலக்கணத்தில் இதைத் தற்கிழமை என்பார்கள். பிரிக்க முடியாத சொந்தம். வீடு, நிலம் எல்லாம் பிறிதின்கிழமை.

காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குப் போனால் இந்த வேற்றுமை உருபுகள்மேல் ஒரு தத்துவமே கட்டி எழுப்பப்பட்டிருக்கிறது. பிள்ளை லோகாசாரியர் அந்த ஊரில் வாழ்ந்தவர். 1323 வாக்கில் டெல்லிப் படை வந்தபோது நம்பெருமாளைத் தூக்கிக்கொண்டு தெற்கே போனவர். அவருடைய முமுட்சுப்படியில் எட்டெழுத்து மந்திரத்தை அலசும் இடம் கிட்டத்தட்ட ஓர் இலக்கண வகுப்பு. அகாரத்தின்மேல் நான்காம் வேற்றுமை மறைந்து நிற்கிறது. அதனால் ஜீவன் அவனுக்கு உரியது. 'நம' என்பதை இரண்டாகப் பிரித்தால் 'எனக்கு அல்ல' என்று வரும். ஆணவத்தைக் காட்டிலும் ஒரு படி ஆழமான நோய் இந்த 'என்னுடையது'. மமகாரம் என்ற சொல்லே 'என்னுடையது' என்று ஆக்குவதைத்தான் குறிக்கிறது. பக்தி இருக்கிறதோ இல்லையோ, ஒரு சின்ன உருபை இவ்வளவு தூரம் துரத்திக்கொண்டு போன புத்தியைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

ஆனால் உடனே ஒரு கேள்வி வரும். நானே எனக்குச் சொந்தமில்லை என்றால், நான் செய்த தப்பு யாருக்குச் சொந்தம்? லோகாசாரியருக்கு முன்பே ராமானுஜர் இதை எதிர்கொண்டிருக்கிறார். ஸ்ரீபாஷ்யத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் அவர் தரும் உதாரணம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்து யோசித்த மாதிரி இருக்கும். இரண்டு பேருக்குப் பொதுவான சொத்து. ஒருவர் அதை மூன்றாம் ஆளுக்குக் கொடுக்க நினைத்தால், மற்றவர் சம்மதிக்காமல் நடக்காது. ஆனாலும் அந்தச் சம்மதத்தை வாங்கியவர் இவர்தான்; அதனால் பலன் இவருக்குத்தான். இறைவன் அனுமதிப்பவன், முதல் முயற்சி ஜீவனுடையது. உத்தர வீதிப் பக்கம் கூட்டுச் சொத்தாகக் கிடக்கும் ஒரு பழைய வீட்டை விற்க அலைந்தவர்களுக்கு இந்த வாதம் சட்டென்று புரியும்.

எனக்கு இது பிடித்திருக்கிறது, ஓர் இடம் வரைக்கும். கடவுளை எடுத்துவிட்டு அந்தக் கூட்டாளியின் இடத்தில் வேறு எதையாவது வைத்துப் பாருங்கள்: வளர்ப்பு, பணக்கஷ்டம், தூக்கமில்லாத ராத்திரி. என் கோபத்தில் இவை எல்லாமே பங்குதாரர்கள்தான். இருந்தாலும் முதலில் கையெழுத்துப் போட்டது நான். கை நீட்டியவன் விஷயத்தில் ராமானுஜரின் கணக்கு அப்படியே பொருந்துகிறது.

போன வருஷம் ஒரு மாணவி வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றாள். இரவுப் பணியில் பக்கத்து பெட் நோயாளியின் மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டாள். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. அறிக்கை எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள், ஆங்கிலத்தில். "மருந்து மாறிடுச்சு மேம், இதை எப்படி எழுதுறது?" என்றாள். மாறிடுச்சா, மாத்திட்டியா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மாத்திட்டேன்" என்றாள். அதையே எழுதச் சொன்னேன். பிறகுதான் மற்றதைச் சொன்னாள்: தொடர்ந்து இரண்டாவது ஷிஃப்ட், கூட வர வேண்டிய நர்ஸ் வரவில்லை, வார்டு முழுவதும் ஒருத்தி. ராமானுஜர் தன் உதாரணத்தில் கூட்டாளியை விட்டுவிடலாம். அங்கே கூட்டாளி பெருமாள். கூட்டாளி ஒரு நிர்வாகமாக இருந்தால் எந்த நியாயத்தில் விட்டுவிடுவது? ஷிஃப்ட் விஷயத்தையும் சேர்த்து எழுது என்றேன். அவள் பையிலிருந்து படிவத்தை எடுத்துக் காட்டினாள். நடந்ததை எழுத நாலு வரி. கீழே கையெழுத்துப் போட ஒரே ஒரு கோடு.