குலசாமிக் கல்லின் பெயரைக் கேளுங்கள், இன்றே கேளுங்கள்

தருமபுரிச் சீமையின் பெரியோரே, தாய்மாரே, ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போன பிள்ளைகளே, எல்லோரையும் சேர்த்தே கேட்கிறேன். உங்கள் கொல்லையில், களத்துமேட்டில், கிணற்றடியில், புளியமரத்தின் கீழே, பாட்டனும் பூட்டனும் விட்டுப்போன செதுக்குக் கல் ஒன்று நிற்கிறதா? அதில் நிற்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாதென்றால், தெரிந்தவர் ஒருவராவது உங்கள் வீட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறாரா?

மூன்றாவது கேள்விதான் என் மனத்தைக் கலக்குகிறது. கல் ஆயிரம் ஆண்டு நின்றது. விட்டால் இன்னும் நிற்கும். அதன் கதையை வைத்திருக்கும் எண்பது வயதுப் பாட்டி அடுத்த தைக்கு இருப்பாள் என்று உங்களில் எவரால் உறுதி சொல்ல முடியும்? பொங்கலுக்கு எந்த வீட்டார் முதல் பானை வைக்க வேண்டும், எந்தப் பங்காளிக்குப் பூசை உரிமை, கல் முதலில் எந்த நிலத்தில் இருந்தது, எந்த ஊரிலிருந்து பிழைக்க வந்தபோது தூக்கிவந்தார்கள், இதெல்லாம் அவள் வாயில்தான் இருக்கிறது. எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவளைத் தூக்கிக்கொண்டு போகும் நாளில் அதையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு போவீர்கள். ஆகவே இன்றே கேளுங்கள்.

அரூர்ப் பக்கம், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம், ஊத்தங்கரை, செங்கம் வரைக்கும் வேடியப்பன் என்று கும்பிடப்படும் சாமிகளில் பல நடுகற்களே. போரில் பட்டவனுக்கும், மாட்டு மந்தையை மீட்கப் போய் மாண்டவனுக்கும், புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவனுக்கும் ஊர் கூடி நட்ட கற்கள் அவை. தமிழகத்தில் எழுத்துள்ள நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்த நிலம் இதுதான். 1972இல் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமியின் முயற்சியில் தொல்லியல் துறை ‘செங்கம் நடுகற்கள்’ நூலை வெளியிட்டது; அதைத் தொடர்ந்து தருமபுரிக் கல்வெட்டுகளும் நூலாயின. ஊர் ஊராக நடந்து, முள்ளை விலக்கி, மண்ணைத் தோண்டி அவர்கள் படித்தார்கள். அவர்கள் கால் படாத கொல்லைகளும் பூசை அறைகளும் எத்தனையோ உண்டு. அங்கே இருப்பதைப் படிக்க வேண்டிய கடமை யாருடையது? அந்த வீட்டில் பிறந்தவர்களுடையது.

கல்லின் முன்னால் ஒரு நாழிகை உட்கார்ந்து பாருங்கள். வீரனின் இடது கையில் வில்லும் வலது கையில் குறுவாளும் இருக்கும். உடம்பில் அம்புகள் தைத்திருக்கும். காலருகே மாடுகள் நின்றால், அவன் ஆநிரைப் பூசலில் விழுந்தவன். எதிரே புலி பாய்ந்தால், அது புலிக்குத்திப்பட்டான் கல். பக்கத்தில் கெண்டியும் சிமிழும் செதுக்கியிருப்பார்கள். மேலே சாமரம் வீசும் பெண்கள் அவனை வானுலகுக்கு அழைத்துப் போவார்கள். அவனோடு ஒரு பெண்ணும் கையை உயர்த்தி நின்றால், அவள் உடன்கட்டை ஏறியவள். வீரன் தன் கழுத்தில் தானே கத்தி வைத்திருந்தால், தன்னையே பலி கொடுத்தவன். தலைக்கு மேலோ பக்கத்திலோ கோடு கோடாகக் கீறல் தெரிந்தால், அதை உளி தவறிய தழும்பு என்று எண்ணிவிடாதீர்கள். அது வட்டெழுத்தாக இருக்கலாம். நுளம்ப மன்னர்கள் இந்தச் சீமையை ஆண்ட காலத்துக் கல்லானால் கன்னடமாகவும் இருக்கலாம். ஆண்ட மன்னன் யார், அவனுடைய எத்தனையாவது ஆட்சி ஆண்டு, எந்த ஊர்த் தொறுவைக் கள்ளர் ஓட்டிப் போனார்கள், மீட்கப் போய்ப் பட்டவன் யாருடைய மகன், யாருடைய சேவகன் என்று அந்த நாலைந்து வரிகளில் இருக்கும். தொறு என்பது மாட்டு மந்தை. அன்று மந்தை போனால் உழவு போயிற்று, பால் போயிற்று, ஊர் பட்டினி கிடந்தது. அந்தப் பட்டினியைத் தடுக்கத்தான் அவன் செத்தான்.

நம் முன்னோர் நன்றி மறக்காதவர்கள். செங்கம் பக்கத்து எடத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில், வீரனோடு அவன் வளர்த்த நாயும் நிற்கிறது. கோவிவன் என்பது அதன் பெயர். கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்லில் எழுதி வைத்தார்கள். ஒரு நாயின் பெயரை ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு நிலைக்கவைத்தவர்களின் வழியில் வந்த நாம், மனிதனின் பெயரை மூன்று தலைமுறைக்குள் தொலைத்துவிட்டு நிற்கலாமா?

எப்படித் தொலைக்கிறோம் என்று சொல்கிறேன், கேளுங்கள். பக்தியினாலேயே தொலைக்கிறோம். சாமி பளிச்சென்று இருக்கட்டும் என்று எனாமல் பெயிண்ட் பூசுகிறோம். எழுத்துக் குழிக்குள் பெயிண்ட் இறங்குகிறது. பிசுக்கு போகட்டும் என்று கம்பிப் பிரஷ் போட்டும் ஆசிட் ஊற்றியும் தேய்க்கிறோம். எழுத்தின் விளிம்பு கரைகிறது. மேடை உயரமாக இருக்கட்டும் என்று இடுப்பு வரைக்கும் சிமென்ட் போட்டு மூடுகிறோம். அடியில் இருந்த வரிகள் உள்ளே போகின்றன. டைல்ஸ் ஒட்டிப் புதிய சிலை வைத்துவிட்டு, பழைய கல்லைச் சாக்கடைப் பாலத்துக்கும் துவைகல்லுக்கும் கொடுக்கிறோம். பங்காளிச் சண்டையில் பாகம் பிரிக்கும்போது கல்லை எவரும் கேட்பதில்லை. பொக்லைன் வந்து மண்ணோடு தள்ளிவிடுகிறது. இவற்றில் ஒன்றையேனும் செய்யாத ஊர் எது? கை உயர்த்துங்கள் என்றால் எந்தக் கை உயரும்?

பேராசையாலும் தொலைக்கிறோம். கல்லுக்கு அடியில் புதையல் இருக்கிறது என்று எவனோ சொன்னதைக் கேட்டு இரவோடு இரவாகத் தோண்டுகிறார்கள். தம்பிமாரே, நடுகல்லுக்கு அடியில் பொன்னைப் புதைக்கும் வழக்கம் இல்லை. ஊர் காக்கச் செத்தவனின் நினைவை உடைத்து நீங்கள் எடுக்கப்போவது வெறும் மண். அந்தப் பாவத்தை உங்கள் பிள்ளைகள் தலையில் ஏற்றாதீர்கள்.

நல்ல விலை தருகிறேன் என்று காரில் வருகிறவனிடம் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். 1976இல் தஞ்சைச் சீமையின் பத்தூரில் மண் தோண்டும்போது ஒரு நடராசர் கிடைத்தார். கண்டவர் அரசுக்குச் சொல்லவில்லை, விற்றார். அந்தச் சிலை லண்டன் போய்ச் சேர்ந்தது. அங்கே போலீஸார் கைப்பற்றி, வழக்கு நடந்து, மேல்முறையீடும் முடிந்து, 1991இல்தான் திரும்பி வந்தது. விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரர் கற்சிலை ஆஸ்திரேலியாவின் சிட்னி கலைக்கூடம் வரைக்கும் போய், 2014இல் மீண்டது. அது நம்முடையது என்று காட்ட உதவியது எது? கோயிலில் அது நின்றபோதே புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் எடுத்து வைத்திருந்த பழைய புகைப்படம். உங்கள் வீட்டுக் கல்லுக்கு அப்படி ஒரு படம் இருக்கிறதா? இன்று காணாமல் போனால், இது எங்களுடையது என்று எதைக் காட்டி நிற்பீர்கள்?

செதுக்குச் சிற்பம்தான் வேண்டும் என்றில்லை. பூசை அறையில் பிள்ளையாராக இருக்கும் வழவழப்பான முக்கோணக் கல், புதிய கற்காலத்துக் கற்கோடாரியாக இருக்கலாம். ஜவ்வாது மலையிலும் சேர்வராயன் மலையிலும் அவற்றை மரத்தடியில் குவித்து வைத்துக் கும்பிடுகிறார்கள். ஐரோப்பியக் குடியானவர்களும் அவற்றை இடியோடு விழுந்த கல் என்று நம்பி வீட்டில் பத்திரப்படுத்தியவர்கள்தாம். 2006இல் மயிலாடுதுறை அருகே செம்பியன் கண்டியூரில் பள்ளி ஆசிரியர் ஒருவர் வீட்டுத் தோட்டத்தில் கன்று நடக் குழி வெட்டியபோது இரண்டு கற்கோடாரிகள் கிடைத்தன. அவர் தூக்கி எறியவில்லை, விற்கவில்லை. தொல்லியல் துறையில் இருந்தவரிடம் கொடுத்தார். ஒன்றில் இருந்த கீறல்களைக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் சிந்துவெளிக் குறிகள் என்று படித்தார். தாய்லாந்தின் கிராபிப் பகுதியில் கிடைத்த உள்ளங்கை அளவுக் கல் ஒன்றில் தமிழ்ப் பிராமியில் ‘பெரும்பதன் கல்’ என்று இருக்கிறது. கடல் கடந்து போன ஒரு பொற்கொல்லரின் உரைகல் அது. பொன் வேலை செய்யும் குடும்பத்தாரே, பரம்பரை உரைகல் உங்கள் பெட்டியிலும் இருக்குமே, திருப்பிப் பார்த்தீர்களா?

ஒரு வரிக்கு என்ன வலிமை என்று தருமபுரியாகிய நம் தகடூரை வைத்தே சொல்லலாம். அசோகனின் கல்வெட்டில் வரும் சதியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதாடினார்கள். 1981இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பைக் குன்றில் ஒற்றை வரி கிடைத்தது. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி என்று இருந்தது. தகடூரை ஆண்ட நம் அதியமானின் பெயர் அது. வழக்கு முடிந்தது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கல்லை நகர்த்தாதீர்கள். வெறும் தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும். சோப்பு வேண்டாம், எலுமிச்சை வேண்டாம், சுண்ணாம்பால் எழுத்தின்மேல் கோடு இழுக்கவும் வேண்டாம். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும்போது படம் எடுங்கள். இரவில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் மங்கிய எழுத்தும் எழுந்து நிற்கும். அளவு தெரிய ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வையுங்கள். முன்பக்கம், பின்பக்கம், இரு பக்கவாட்டுப் பகுதிகள், எல்லாவற்றையும் எடுங்கள். கல் இருக்கும் ஊர், சர்வே எண், சாமியின் பெயர், திருவிழா நாள், பெரியவர்கள் சொல்லும் கதை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். அதை எடுத்துக்கொண்டு தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போங்கள். நடுகற்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. உங்கள் கல்லின் உறவு அங்கேயே கிடைக்கலாம். தொல்லியல் துறையிடம் சொன்னால் ஈரத்தாளை ஒற்றி மைப்படி எடுத்துப் படிப்பார்கள். மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த பொருளானால் கலெக்டருக்குத் தெரிவிப்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி உங்கள் கடமை.

சொன்னால் அரசு தூக்கிப் போய்விடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது; வாயை அடைப்பதும் அதுதான். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் பழங்கற்சிலையை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. அனுமதியின்றி வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதைக் குற்றம் என்கிறது. உண்மையாகவே வழிபாட்டில் இருக்கும் பொருளைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் அதிகாரத்தை அதே சட்டம் தரவில்லை. பயந்து மறைத்த கல்தான் திருடனுக்கு எளிது. ஊரறிய, படமும் பதிவுமாக நிற்கும் கல்லை அவ்வளவு எளிதில் எவனும் தொட மாட்டான்.

நமக்கு முன் இருந்தவர்கள் எழுதப் படிக்கத் தெரியாமலே இந்தக் கல்லை எண்ணெய் வார்த்துக் காத்தார்கள். பஞ்சத்தில் ஊரைவிட்டுப் போகும்போதும் தோளில் சுமந்தார்கள். நமக்கோ பள்ளி கிடைத்தது, கைக்குள் கேமரா கிடைத்தது, கேட்டால் வந்து படித்துச் சொல்ல ஆள் இருக்கிறது. இத்தனையும் இருந்தும் நம் காலத்தில் அழிந்தால், கணக்குக் கேட்கும்போது தெரியவில்லை என்று நாம் சொல்ல முடியாது. நேரம் இல்லை என்றும் சொல்ல முடியாது.

பல ஊர்களில் குலசாமிக்குப் புதிதாகக் கோயில் எழுப்ப வசூல் நடக்கிறது. விழாக் குழுவினரே, உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன், சிமென்டைக் குழைப்பதற்கு முன், பொக்லைனுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், ஒரு வாரம் வேலையை நிறுத்துங்கள். கல்லைப் படிக்கத் தெரிந்தவரை அழைத்துவந்து காட்டுங்கள். அவர் படித்துச் சொல்லும் பெயரைக் கோயில் சுவரில் எல்லோரும் படிக்கும்படி எழுதுங்கள்.