எத்தனை சதுர மீட்டர் போதும்?

இத்தாலிய நகரான பலெர்மோவின் பழைய பகுதியில், கபோ சந்தையை ஒட்டிய சந்துகளில் ஒரு வீடு விலைக்கு வந்தால் முதலில் சொல்லப்படுவது அதன் பரப்பளவு. அந்த எண் கால் வைத்து நடக்கக்கூடிய தரையின் அளவு அல்ல. இத்தாலியின் காணி, கட்டடப் பதிவேட்டுக்காக 1998-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, உட்சுவர்களும் வெளிச்சுவர்களும் 50 செ.மீ. தடிப்பு வரை முழுதாகக் கணக்கில் சேரும். பக்கத்து வீட்டோடு பொதுவாக உள்ள சுவரில் பாதி சேரும். பால்கனிக்கு ஒரு பங்கு மட்டும் உண்டு. கபோவின் பழைய கட்டடங்கள் தடித்த கற்சுவர் கொண்டவை. எனவே அங்கே வீடு வாங்குபவர் தாம் ஒருபோதும் நிற்க முடியாத இடத்துக்கும் பணம் கொடுக்கிறார். மறுபக்கம், உயரமான கூரைக்கு இந்தக் கணக்கில் மதிப்பே இல்லை. அந்த உயரத்தில் மரப்பரண் கட்டிப் படுக்கை போட்டுக்கொள்பவர்கள் அங்கே பலர். பதிவேடே கூட நெடுங்காலமாக வீட்டை அறைகளின் எண்ணிக்கையில்தான் மதிப்பிடுகிறது. குடிமக்கள் பெறும் பதிவுப் படியில் சதுர மீட்டர் இடம்பெற்றது 2015-இல்தான்.

1980களிலிருந்து யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்து பலெர்மோவில் குடியேறிய தமிழர்களுக்கு இந்த அளவை புதியது. ஊரில் காணிதான் பரப்பில் அளக்கப்படும். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். அதாவது ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீட்டர். வீட்டைப் பற்றிய பேச்சில் எத்தனை அறை, நாற்சார் வீடா, கிணறு சொந்தமா பங்குக் கிணறா என்பவைதான் வரும். மனையடி சாஸ்திரம் அடிக்கணக்குப் பார்க்கிறது. ஆனால் அது அறையின் நீளத்துக்கும் அகலத்துக்கும் தனித்தனியே பலன் சொல்கிறது. அதுவும் சுவரை விட்டு, உட்புற அளவுக்கு.

இத்தாலியச் சட்டத்துக்கோ பரப்பளவு உயிர்நாடி. 1975 ஜூலை 5-ஆம் தேதியிட்ட அமைச்சக ஆணைப்படி ஒரு வீட்டில் முதல் நான்கு பேருக்குத் தலைக்கு 14 சதுர மீட்டரும், அதற்கு மேல் ஒவ்வொருவருக்கும் 10 சதுர மீட்டரும் வேண்டும். மூவருக்கு 42, நால்வருக்கு 56, ஐவருக்கு 66. குடும்பத்தைத் தன்னிடம் அழைக்க விண்ணப்பிக்கும் வெளிநாட்டவர், வீடு போதுமானது என்று நகராட்சியின் சான்று பெற வேண்டும். அந்தச் சான்றுக்கு அடிப்படை பெரும்பாலும் இதே அளவுகள்தான். நாலு சதுர மீட்டர் குறைந்தால் ஒரு மகனோ மகளோ ஊரில் தங்கிவிட நேரலாம். அப்படிப்பட்டவரிடம் போய்ப் பரப்பளவு என்ன பெரிய விஷயம் என்று கேட்பது, வயிறு நிறைந்தவர் பசியைப் பற்றிப் பேசுவதுபோல் ஆகிவிடும்.

சட்டம் சொல்வது குறைந்தது எவ்வளவு வேண்டும் என்பது. சமயங்கள் பெரும்பாலும் மறுமுனையைப் பிடித்தன: அதிகம் போனால் எவ்வளவு? பலெர்மோவின் காவல் புனிதர் ரொசாலியா, மரபுப்படி 12-ஆம் நூற்றாண்டில் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் வீட்டைத் துறந்து முதலில் குயிஸ்குயினா மலைக்குகையிலும் பின்னர் பெல்லெக்ரினோ மலைக்குகையிலும் வாழ்ந்ததாகச் சொல்லப்படுகிறது. 1624-இல் கொள்ளைநோய் பரவியபோது அவருடையவை என்று கருதப்பட்ட எலும்புகள் பெல்லெக்ரினோ மலையில் கிடைத்தன. அங்கே உள்ள குகைக்கோயிலுக்கு மலையேறிச் செல்பவர்களில் தமிழர் பலர். கத்தோலிக்கர் மட்டுமல்ல, சைவர்களும். ஒற்றைக் குகையில் வாழ்ந்தவரிடம் இவர்கள் வைக்கும் வேண்டுதல்களில் சொந்த வீடும் இருக்கத்தான் செய்யும். அதில் முரண் ஒன்றும் இல்லை.

ஏன் முரண் இல்லை என்பதைப் பௌத்தத் துறவிகளின் ஒழுக்கநூலான விநயம் தெளிவாக்குகிறது. ஆளவி என்னும் ஊரில் துறவிகள் தங்களுக்குக் குடில் கட்ட ஆளும் மூங்கிலும் புல்லும் கேட்டு ஊராரை ஓயாமல் நச்சரித்தார்கள். கடைசியில் மக்கள் துறவியைக் கண்டாலே வேறு வழியாக ஓடினார்கள். பசுவைக் கண்டும் துறவியென்று மயங்கி ஓடினார்களாம். இதன் பிறகு வந்த விதி, குடிலின் நீளம் புத்தரின் சாணால் பன்னிரண்டு, அகலம் உட்புறத்தில் ஏழு என்று வரம்பிட்டது. நீளத்துக்கு வெளியளவும் அகலத்துக்கு உள்ளளவும் கொள்ளப்பட்டதால், சுவரைச் சேர்ப்பதா என்ற இன்றைய தரகர்களின் வழக்கு அங்கேயே தொடங்கிவிட்டது எனலாம். கவனிக்க வேண்டியது வேறு: இந்த வரம்பு கொடையாளர் இல்லாமல், இரந்து, தனக்கென்று கட்டும் குடிலுக்கு மட்டுமே. கொடையாளர் ஒருவர் கட்டித்தரும் உறைவிடத்துக்கான அடுத்த விதியில் இடத்தேர்வுக்குச் சங்கத்தின் ஒப்புதல் கேட்கப்படுகிறது. அளவுக்கு வரம்பே இல்லை. ஆக, அறம் தடுத்தது பரப்பளவை அல்ல, தன் வசதிக்காகப் பிறர்மேல் ஏற்றப்படும் சுமையை.

வைணவ மரபில் திருக்கோவலூர் இடைகழி வேறொரு கணக்கைத் தருகிறது. மழை இரவில் பொய்கையாழ்வார் அங்கே படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்ததும் இருவரும் உட்கார்ந்தனர். பேயாழ்வாரும் வந்தபின் மூவரும் நின்றனர். பிறகு நான்காமவர் ஒருவர் நெருக்கினார். நெருக்கியவர் திருமால், அவ்வூர்க் கோயிலில் உலகளந்த பெருமாளாக நிற்பவர். உலகத்தையே அடியால் அளந்தவருக்கு ஓர் ஆள் படுக்கும் இடம் போதுமானதாயிற்று. இங்கே இடத்தின் அளவு மாறவில்லை. உள்ளே இருந்தவர்கள் படுக்கையை விட்டு எழுந்ததால் இடம் உண்டாயிற்று. ஆனால் அது ஒரே ஓர் இரவு என்பதையும், மூவரும் குடும்பப் பாரம் இல்லாதவர்கள் என்பதையும் இந்தக் கதையைச் சொல்பவர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

ஆண்டுக்கணக்கில் அப்படி நிற்க வைக்கப்பட்டவர்களும் பலெர்மோவில் இருந்தார்கள். கதவைத் தவிர வேறு திறப்பில்லாத தரைத்தள ஒற்றை அறைக்கு அங்கே ‘கத்தோயோ’ என்று பெயர். பழைய நகரின் ஏழைக் குடும்பங்கள் தலைமுறைகளாக இவற்றில் வாழ்ந்தன. சமூகச் செயற்பாட்டாளர் தனிலோ தொல்ச்சி 1956-இல் வெளியிட்ட பலெர்மோ ஆய்வு, ஒரே அறையில் நெருங்கிக் கிடந்த அத்தகைய குடும்பங்களின் வாழ்க்கையை அவர்கள் சொற்களிலேயே பதிவு செய்தது. ரொசாலியாவின் குகையைவிடக் கத்தோயோ பெரியதாகவே இருந்திருக்கலாம். குகை அவர் தேர்ந்துகொண்டது. கத்தோயோவில் பிறந்த குழந்தை எதையும் தேர்ந்துகொள்ளவில்லை.

வீடு வாங்குபவர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். பெரும்பாலும் அவர் தனக்காக மட்டும் வாங்குவதில்லை. யாழ்ப்பாண வழக்கில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போவது. கட்டும்போதே அது இன்னொருவருடையது. தனக்கு ஒரு மூலை போதும் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. பிள்ளைக்கும் வயதான தாய்க்கும் அதே மூலை போதும் என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை இல்லை. ஊராருக்குக் காட்டுவதற்காகக் கூடுதல் அறையும், அதற்காக வங்கிக் கடனும் ஏற்றிக்கொண்டு, அதை அடைக்க வீட்டார் எல்லோரும் இரண்டு வேலை பார்ப்பதும் ஆளவித் துறவிகள் செய்ததற்கு வெகுதூரம் இல்லை.

இத்தாலிய அரசு 2024-இல் ஓரறை வீட்டின் குறைந்த அளவை, சில நிபந்தனைகளுடன், ஒருவருக்கு 28-இலிருந்து 20 சதுர மீட்டராகவும் இருவருக்கு 38-இலிருந்து 28 ஆகவும் இறக்கியது. கூரை உயரமும் 2.70 மீட்டரிலிருந்து 2.40 ஆயிற்று. சிறிய இடங்களைச் சட்டப்படி வீடாக்க இது உதவும் என்பது உண்மை. இறக்கியவர்களில் எத்தனை பேர் அந்த 20 சதுர மீட்டரில் குடியிருக்கப் போகிறார்கள் என்பது, விநயத்தின் கண்ணோடு பார்த்தால், கேட்டே ஆக வேண்டிய கேள்வி.