பழையது போதுமா, புதியது வேண்டுமா?



முகவரி, வரவு செலவு, கொடுக்க வேண்டிய கடன், வர வேண்டிய பாக்கி, செய்ய வேண்டிய காரியம் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொள்ள மனிதனுக்கு எக்காலத்திலும் ஒரு துணை வேண்டியிருக்கிறது. நம் தாத்தாமார் காலத்தில் மடியில் செருகிய சிறு நோட்டுப் புத்தகம் அந்தத் துணையாக இருந்தது. 1990-களில் வசதியுள்ள வியாபாரிகளும் அலுவலர்களும் டிஜிட்டல் டைரி என்ற கையடக்கக் கருவியை வைத்திருந்தார்கள். இன்று அந்த வேலைகளையெல்லாம் செல்போனே ஏற்றுக்கொண்டுவிட்டது.

இவற்றுள் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். நோட்டுப் புத்தகம் எழுதித் தீர்ந்துவிடும்; தீர்ந்ததும் வேறொன்று வாங்குவோம். அதில் யோசனைக்கு இடமில்லை. செல்போனோ தீர்வதில்லை, "பழசாகிறது." தீர்ந்ததைக் கண்ணால் காணலாம். பழசாயிற்று என்பதை யார் தீர்மானிப்பது? விளம்பரமா? அடுத்த வீட்டுக்காரரா? நம் ஆசையா? அல்லது அறிவா?

மாங்காய்ப் பருவத்திலும் புளிப் பருவத்திலும் கிடைக்கும் கூலியைக்கொண்டும், சட்டை தைத்துப் பெறும் கூலியைக்கொண்டும் ஆண்டு முழுவதையும் ஓட்டுகின்ற குடும்பங்கள் நம் நத்தம் பக்கத்தில் பல உண்டு. அக்குடும்பங்களுக்கு 15,000 ரூபாய் என்பது வெறும் ஒரு பொருளின் விலையன்று. அது பிள்ளையின் படிப்புச் செலவு. ஒழுகும் கூரைக்கு ஓடு. அவசரத்துக்கு ஆஸ்பத்திரிப் பணம். ஆகவே, பழையதை வைத்துக்கொள்வதா, புதியதை வாங்குவதா என்ற கேள்வி கடைவீதிக் கேள்வி மட்டுமன்று, மனச்சாட்சியின் கேள்வியுமாகும்.

இதைப்பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். "உழைத்துச் சம்பாதித்தேன், வாங்குகிறேன், இதிலென்ன குற்றம்?" என்பார் ஒருவர். "எல்லாம் ஆடம்பரம், அந்தக் காலத்தில் இவையில்லாமல் நாங்கள் வாழவில்லையா?" என்பார் மற்றொருவர். இருவர் பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. இருவரும் மீதிப் பாதியை விட்டுவிடுகிறார்கள். உழைத்த பணம் நம்முடையதுதான். ஆனால் நம்மை நம்பி வாழ்கிறவர்களின் பங்கும் அதிலே கலந்திருக்கிறது. பழையதைப் போற்றுவது நல்லதுதான். ஆனால் அது சிக்கனமா, கஞ்சத்தனமா என்பதைப் பிறகு பார்க்க வேண்டும்.

முதலில், தேவை எது, ஆசை எது என்று எப்படிப் பிரித்தறிவது? இதற்கு உண்மையாகவே நடந்த ஒரு நிகழ்ச்சி நமக்கு உதவும்.

அமெரிக்காவில் ஜெஃப் ஹாக்கின்ஸ் என்றொரு பொறியாளர். கையடக்கக் குறிப்புக் கருவி ஒன்றைச் செய்ய நினைத்த அவர், உடனே இயந்திரத்தைச் செய்யத் தொடங்கவில்லை. சட்டைப் பையில் அடங்கும் அளவுக்கு ஒரு மரத்துண்டை அறுத்து, அதைப் பல நாள் தம் பையிலே வைத்துக்கொண்டு திரிந்தார். யாராவது ஒரு நாளைக் குறித்துக் கேட்டால், மரத்துண்டை வெளியே எடுத்து, ஒரு குச்சியால் அதன்மேல் எழுதுவதுபோல் பாவனை செய்வார். எந்த வேலைக்காக அதைக் கை தேடுகிறது, எதற்குத் தேடவில்லை என்று இவ்வாறு சோதித்துப் பார்த்தார். அதன் பயனாக 1996-இல் "பைலட்" என்ற கருவி வெளிவந்தது. நாட்குறிப்பு, முகவரி, வேலைப் பட்டியல், சிறு குறிப்பு ஆகிய நான்கே அதன் பிரதான வேலைகள். சிறு அளவுள்ள இரண்டு சாதாரண பாட்டரிகளால் அது ஓடியது. பல வசதிகளை அடுக்கி வந்த பெரிய கருவிகள் தோற்ற இடத்தில், இந்த எளிய கருவி வெற்றி பெற்றது.

அக்கருவியின் பின்புறத்தில் ஒரு சிறு கதவு இருந்தது. மறு ஆண்டில் அதிக நினைவாற்றலுள்ள புதிய மாதிரி வெளிவந்தபோது, பழைய கருவியை வைத்திருந்தவர்கள் அதை எறிய வேண்டியிருக்கவில்லை. கதவைத் திறந்து, உள்ளே இருந்த அட்டையை எடுத்துவிட்டு, புது அட்டையை வாங்கிச் செருகினால் போதும். 128 கிலோபைட் கொண்ட கருவி, 1 மெகாபைட் கொண்ட கருவியாக, அதாவது எட்டு மடங்கு ஆற்றலுள்ளதாக மாறிவிடும். ஆனால் 1999-இல் அதே வரிசையில் வந்த அழகிய மெல்லிய மாதிரியிலே அந்தக் கதவு இல்லை. உடல் பசையிட்டு ஒட்டப்பட்டிருந்தது. பாட்டரியும் உள்ளேயே அடைபட்டது. அழகு கூடிற்று, கதவு போயிற்று. இன்று நம் கையிலுள்ள செல்போன்களில் பெரும்பாலானவை அந்தக் கதவில்லாத வம்சத்தைச் சேர்ந்தவையே.

பழையதை வைத்துக்கொண்டே மேம்படுத்துவது நம் ஊருக்குப் புதிய பாடமன்று. காலால் மிதிக்கிற தையல் மெஷினை வைத்திருப்பவர் வேகம் போதவில்லையென்றால் என்ன செய்கிறார்? மெஷினை எறிவதில்லை, ஒரு மோட்டாரைப் பூட்டிக்கொள்கிறார். ஊசி முறிந்தால் ஊசியை மாற்றுகிறார். வார் அறுந்தால் வாரை மாற்றுகிறார். எது குறையோ அதை மட்டும் சரிசெய்கிறார். தையல் மெஷினிடம் காட்டும் இந்த விவேகத்தைச் செல்போனிடம் மட்டும் நாம் ஏன் காட்டுவதில்லை?

ஆகவே, "என்னிடம் உள்ள பணத்துக்கு எந்தப் போன் கிடைக்கும்?" என்று முதலில் கேளாதீர்கள். "என்னிடம் உள்ள போன் எந்த வேலையைச் செய்ய மறுக்கிறது?" என்று கேளுங்கள். விடை பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, பாட்டரி நிற்கவில்லை. இக்காலத்துப் பாட்டரிகள் சில நூறு முறை சார்ஜ் ஏற்றி இறக்கியதும் வலுவிழப்பது இயற்கை. போனுக்கு வயதாகிவிடவில்லை, அதன் பாட்டரிக்குத்தான் வயதாயிற்று. நல்ல கடையிலே தரமான பாட்டரியை மாற்றிக்கொள்ள ஆகும் செலவு, புதுப் போனின் விலையில் ஒரு சிறு பங்கே.

இரண்டாவது, இடம் போதவில்லை. அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது எது என்று பாருங்கள். தினந்தோறும் வந்து குவிந்த காலை வணக்கப் படங்களும், ஒரு முறை பார்த்து மறந்த வீடியோக்களுமே பெரும்பகுதியாக இருக்கும். வீட்டைப் பெருக்குவதுபோல் இதையும் மாதம் ஒரு முறை பெருக்கலாம். தங்கள் போனில் மெமரி கார்டு செருக இடமிருந்தால் அதையும் உபயோகிக்கலாம்.

மூன்றாவது, வேகமில்லை. வேண்டாத செயலிகளை நீக்கினாலே பாதி நோய் தீரும்.

நான்காவது, பாதுகாப்பு. இங்கே மட்டும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். போன் செய்கிற கம்பெனிகள் குறிப்பிட்ட சில வருஷங்களுக்கே பாதுகாப்புத் திருத்தங்களை அனுப்புகின்றன. அவை நின்றபின் அந்தப் போனில் வங்கிக் கணக்கை வைத்து நடத்துவது, பூட்டுத் தேய்ந்த பெட்டியில் நகை வைப்பதற்கு ஒப்பாகும். திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போன நாட்டில் இருக்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்பொழுது மாற்றுவதே விவேகம்; மாற்றாமலிருப்பது சிக்கனமன்று, அசட்டை. புதியதை வாங்கும்போதும், "இதற்கு எத்தனை வருஷம் பாதுகாப்புத் திருத்தம் வரும்?" என்று கடைக்காரரைக் கேளுங்கள். காமிராவைப்பற்றிக் கேட்பதைவிட இது முக்கியமான கேள்வி.

சற்றுக் கணக்கும் போட்டுப் பார்ப்போம். 15,000 ரூபாய்ப் போனை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுகிறவருக்கு நான்கு வருஷத்தில் 30,000 ரூபாய் ஆகிறது. அதையே நான்கு வருஷம் காப்பாற்றி, பாட்டரிக்கும் பழுதுக்கும் 2,000 ரூபாய் செலவிட்டவருக்கு 17,000 ரூபாய் ஆகிறது. மிச்சம் 13,000 ரூபாய்.

"தவணையிலே கட்டிவிடலாம், வட்டியே இல்லை" என்று சொல்வார்கள். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று இல்லை என்றும், அத்தகைய திட்டங்களில் வட்டி வேறு கட்டணங்களின் பெயரில் மறைந்திருப்பதுண்டு என்றும் 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு எடுத்துக்காட்டியது. தவணை விலையைக் குறைப்பதில்லை. விலையின் வலியைத்தான் குறைக்கிறது. வலி தெரியாத கையில் காயம் பெரிதாகும்.

பணம் குறைவாக இருக்கும்போது பிறர் உபயோகித்த போனை வாங்குவதும் நல்ல வழியே. ஆனால் மலிவு என்ற ஒரே காரணத்துக்காக, எங்கிருந்து வந்தது என்று தெரியாத பொருளை வாங்காதீர்கள். பில் கேளுங்கள். போனில் நட்சத்திரம், சதுரம், 06, சதுரம் என்று அழுத்தினால் 15 இலக்க எண் தோன்றும். 2023-இல் மத்திய அரசு தொடங்கிய சஞ்சார் சாத்தி என்ற சேவையிலே அவ்வெண்ணைக் கொடுத்து, அந்தப் போன் முடக்கப்பட்டதா என்று அறியலாம். திருட்டுப் பொருளில் கிடைக்கும் லாபம், யாரோ ஒரு ஏழையின் நஷ்டமல்லவா?

நிற்க. இதுவரை சொன்னது காசைப் பற்றியது. இனிச் சொல்லப்போவது அதைவிடப் பெரியது. ஒரு வீட்டில் சிக்கனத்தின் சுமையை யார் சுமக்கிறார்?

பல வீடுகளில் நடப்பது இதுதான். வீட்டுத் தலைவர் புதுப் போன் வாங்குகிறார். அவருடைய பழையது மூத்த மகனுக்குப் போகிறது. மகனுடையது மகளுக்குப் போகிறது. கடைசியில், கண்ணாடி விரிந்ததும், சார்ஜ் நிற்காததுமான போன் தாயிடம் வந்து சேருகிறது. "அம்மாவுக்கு இது போதும்; அவர்களுக்கென்ன வேலை?" என்கிறார்கள். உண்மையில் அவளுக்குத்தான் வேலை அதிகம். மகளிர் குழுவின் கணக்கு அவளிடம். காஸ் சிலிண்டருக்கு வரும் எண் அவளிடம். பள்ளிக்கூடத்துச் செய்தி அவளிடம். நடு இரவில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அழைக்க வேண்டியவளும் அவளே. பொழுதுபோக்குக்கு நல்ல போனும், கடமைக்குக் கெட்ட போனும் என்று நாம் பங்கிட்டிருக்கிறோம்!

"போதும்" என்பது மிக உயர்ந்த சொல். ஆனால் அச்சொல்லைத் தன்னைப்பற்றிச் சொல்லும்போதுதான் அது நற்குணம். அடுத்தவரைப்பற்றிச் சொல்லும்போது அது பெரும்பாலும் அநியாயம். தனக்குப் போதாது என்றும், பிறருக்குப் போதும் என்றும் சொல்கிறவரிடம் இருப்பது சிக்கனமன்று. சிக்கனத்தின் உடையை உடுத்திய சுயநலம்.

இதற்கு மாற்றான எண்ணமும் நம் நாட்டிலேயே தோன்றியது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர்கள் சிலர், சாதாரண மக்களுக்கென்று "சிம்ப்யூட்டர்" என்ற கையடக்கக் கணினியை உருவாக்கி 2001-இல் வெளியிட்டார்கள். இந்திய மொழிகளிலே எழுத்தைப் படித்துச் சொல்லும்படி அதை அமைத்தார்கள். ஆனால் அதன் விலையும் ஏழைக்கு எட்டாதென்பதை அவர்கள் அறிந்தே இருந்தார்கள். ஆகவே அதில் ஓர் அட்டை செருகும் இடம் வைத்தார்கள். கருவி கிராமத்துக்குப் பொது. அட்டை மட்டும் அவரவருக்குச் சொந்தம். தன் அட்டையைச் செருகினால் தன் கணக்கு, தன் குறிப்பு. எடுத்துவிட்டால் அடுத்தவருக்கு இடம். 2004-இல் அது கடைக்கு வந்தபோது எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. பின்பு மலிவான செல்போன்கள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. வியாபாரத்தில் அது வெல்லவில்லை. ஆயினும் "எல்லாருக்கும் ஒன்று" என்று கேளாமல், "ஒன்று எல்லாருக்கும் எப்படிப் பயன்படும்?" என்று கேட்டதே, அந்தக் கேள்வி தோற்கவில்லை.

2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது இக்கேள்வி ஏழை வீடுகள்தோறும் எழுந்தது. வீட்டில் ஒரே போன். படிக்கும் பிள்ளைகள் இரண்டு, மூன்று. நேற்று ஆடம்பரமாக இருந்தது இன்று அவசியமாயிற்று. தேவை என்பது கல்லில் வெட்டியதன்று. கடமை மாறும்போது அதுவும் மாறும் என்பதை அந்த ஆண்டு நமக்குக் காட்டிற்று. ஆகையால், பிள்ளையின் படிப்புக்காகவோ, தொழிலுக்காகவோ புதியது வாங்குகிறவரைப் பார்த்து "ஆடம்பரம்" என்று எளிதாகச் சொல்லிவிடக் கூடாது.

பொருள்களை வீசியெறியும் பழக்கம் மனிதர்களையும் ஒதுக்கித் தள்ளும் பழக்கத்தோடு உறவுடையது என்பதைக் காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2015-இல் எழுதிய "லௌதாத்தோ சி" என்ற சுற்றுமடலில் வற்புறுத்தினார். கெட்டுப்போன போனைக் குப்பையில் போட்டால் அதிலுள்ள நச்சுப் பொருள்கள் மண்ணிலும் நீரிலும் கலக்கும். அதைப் பிரித்தெடுத்துப் பிழைக்கும் ஏழையின் கைக்கும் நெஞ்சுக்கும் கேடு. மின்னணுக் கழிவுகளுக்கென்று வாங்கும் இடத்திலேயே அதை ஒப்படையுங்கள். இன்னும் உழைக்கும் போனாகில், அதைத் துடைத்து, நல்ல பாட்டரி போட்டு, இல்லாத ஒருவருக்குக் கொடுங்கள். நாம் கொடுப்பது நாம் எறிவதாக இருக்கலாகாது.

இனி, கஞ்சத்தனத்தைப்பற்றி முன்பு விட்ட கேள்வி. சிக்கனமும் கஞ்சத்தனமும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் செலவு செய்வதில்லை. வித்தியாசம் மிச்சத்தில் இருக்கிறது. அந்த 13,000 ரூபாய் எங்கே போயிற்று? பிள்ளையின் படிப்புக்கோ, கடனை அடைக்கவோ, துன்பப்படும் அயலாருக்கோ போயிருந்தால் அது சிக்கனம். பூட்டிய பெட்டியிலே எண்ணி எண்ணி மகிழ மட்டும் இருந்தால் அது கஞ்சத்தனம்.

ஆகவே, புதுப் போன் வாங்க நினைக்கும் அன்பரே, ஒரு வாரம் பொறுங்கள். அந்த மரத்துண்டுக்குப் பதிலாக ஒரு துண்டுக் காகிதத்தைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் போன் ஒரு வேலையைச் செய்ய மறுக்கும் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு கோடு போட்டு, என்ன வேலையென்று எழுதுங்கள். வாரக் கடைசியில் வீட்டார் எல்லாரும் உட்கார்ந்து அதைப் படியுங்கள். காகிதம் வெறுமையாக இருந்தால், உங்களுக்கு வேண்டியது போனன்று. அது நிறைந்திருந்தால், தயக்கமின்றி வாங்குங்கள்.

வாங்குமுன் இன்னும் ஒன்று செய்யுங்கள். அதேபோல் ஒரு காகிதத்தை உங்கள் மனைவியின் கையிலும் கொடுத்துப் பாருங்கள். யாருடைய காகிதத்தில் கோடுகள் அதிகமோ, புதுப் போன் அவருக்கே உரியது.